அண்ணன் மகள் குடித்த பால்

தையல் மிஷின் மெக்கானிக் மறுபடியும் கருவிப் பையோடு வந்து நின்றபோது கடை முதலாளிக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. போன முறை மோட்டாரை மாற்றியாயிற்று. அதற்கு முந்தின முறை பெல்ட்டும் பெடல் ஸ்பிரிங்கும். அப்படியும் மிஷின் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று டெய்லரம்மா புகார் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அது திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை. முன்பக்கம் துணி உருளைகளும் முதலாளியின் மேசையும். பின்பக்கம் நீளமான ஓர் அறையில் டெய்லரம்மாவும் அவளுடைய மோட்டார் மிஷினும். திரைச்சீலையில் கழுத்து வளைவு, கை வெட்டு போன்ற நெளிவு சுளிவெல்லாம் கிடையாது. கூரையிலிருந்து தரைவரை தொங்கப்போகிற துணியின் ஓரத்தை மடித்து ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். கை துணியைப் பிடித்துக்கொடுத்தால் போதும். மற்றதெல்லாம் கால் பார்த்துக்கொள்ளும். பெடலை மிதிக்கிற கால் சீராக அழுத்தினால் தையல் கோடு கிழித்ததுபோல் போகும். விட்டுவிட்டு அழுத்தினால் துணி இழுபடும், கோடு வளையும், நூல் அறுந்து ஊசியில் சிக்கும். கொஞ்ச காலமாக அவளுக்கு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் ஜன்னல் முழுக்கப் பாம்பு ஊர்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"மிஷினைக் குத்தம் சொல்லாதீங்க அக்கா. இது என் மாமியார் மாதிரி. கத்தும், ஆனா வேலையை நிறுத்தாது," என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தான். நரைத்த மீசை, சரிந்த தொப்பை, ஓயாத வாய். துண்டுத் துணி ஒன்றை ஊசிக்கடியில் கொடுத்து மிதித்தான். மிஷின் வெண்ணெயாக ஓடியது.

"உன்கிட்ட மட்டும் ஓடும். நீ போனதும் மறுபடி விக்கும். நான் உக்காந்து காட்டறேன், பாரு."

அவள் உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள். மிஷின் சற்று ஓடியது. பிறகு டக் டக் டக்கென்று விக்க ஆரம்பித்தது. மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அதைவிட, பேசவில்லை.

"என்ன தம்பி, உள்ளே தூங்கிட்டியா?"

"காலை ஆட்டாதீங்க அக்கா."

"நான் எங்கே ஆட்டறேன்?"

"கீழே பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது குதிகால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. முழங்காலைக் கையால் அழுத்தினாள், நின்றது. கையை எடுத்துவிட்டுப் பெடலை மிதித்தாள், திரும்பவும் துள்ளியது. அவளுக்குத் தெரியாமலே அவள் கால் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது.

"மோட்டார்னா மாத்துவேன், பெல்ட்டுன்னா மாத்துவேன். இதை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா," என்றான் மெக்கானிக். விளையாட்டுக் குரல் போயிருந்தது.

வாசலில் நின்ற முதலாளி, "அப்போ பழைய மோட்டார்?" என்றார்.

"அதுக்கென்ன, ராஜா மாதிரி இருந்தது."

"எங்கே அது?"

"வேற ஒருத்தர் மிஷின்ல மாட்டிட்டேன் முதலாளி. அங்கே நல்லா ஓடுது."

டெய்லரம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அந்தக் காலை இழுத்து ஸ்டூலுக்கடியில் மறைத்துக்கொண்டாள்.

கால் தொந்தரவு அவளுக்குப் புதிதில்லை. சில வருடங்களாகவே படியேறும்போது கால் மரக்கட்டையாக இருக்கும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனைவரை நடந்து போயிருக்கிறாள். பார்த்த டாக்டர்களெல்லாம் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள். ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தே வாழ்ந்தவள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இடுப்புக்குப் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டாள், தைலம் தேய்த்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் எந்த டாக்டரிடமும் அவள் சொல்லவில்லை. சிறுநீர் வருகிறது என்று தோன்றிவிட்டால் அடுத்த நிமிடம் அடக்குவது அவள் கையில் இல்லை. சில நாள் போய் உட்கார்ந்தாலும் முழுக்கப் போகாது. எழுந்து நாலடி வைத்ததும் மறுபடி முட்டும். கால் ஒரு கணக்கு, இது ஒரு கணக்கு என்று அவள் தனித்தனியாக வைத்திருந்தாள். கால் வலியை நாலு பேரிடம் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது?

இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் செய்யும் முதல் தப்பு தண்ணீரை நிறுத்துவது. அவளும் நிறுத்தினாள். எரிச்சலும் காய்ச்சலும் வந்தன. இரண்டாவது தப்பு மனிதர்களை நிறுத்துவது. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாள். மாடியில் ஒற்றை அறை, கட்டிலிலிருந்து எட்டினால் கழிவறைக் கதவு. அங்கிருந்து கடை, கடையிலிருந்து அறை. நடுவில் எந்தெந்தக் கட்டடத்தில் கழிவறைக்கு உள்ளே விடுவார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சாப்பாட்டை ஒரு தட்டில் போட்டு, ரேடியோவை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ரேடியோவில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற பழக்கமும் வந்துவிட்டது. வானிலை சொல்கிற பெண்ணிடம், "நேத்தும் இதைத்தானேடி சொன்னே?" என்பாள்.

உறவுக்காரர்கள் அவளுக்குத் தலைக்கனம் என்று முடிவு கட்டினார்கள். அண்ணன் மகளின் கல்யாணத்துக்கே கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தாள், சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். அண்ணி தன் பக்கத்தில் அவளுக்கென்று நாற்காலி போட்டு, யாரையும் உட்காரவிடாமல் கைப்பை வைத்துக் காத்திருந்தாள். கடைசிவரை அந்த நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. "மகராணிக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு இறங்காது போல," என்று அண்ணி போனில் குத்தியதற்கு, "பஸ் போயிடும்னு கிளம்பிட்டேன் அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

அண்ணிக்கு அந்தக் கோபம் வர உரிமை இருந்தது. காரணம், அந்த மகள் வளர்ந்ததே டெய்லரம்மாவின் பாலில்தான்.

அவளுக்கும் அண்ணிக்கும் ஒரே சமயத்தில் பிரசவம். டெய்லரம்மாவின் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், வெளியிலிருந்து ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகக் கிடந்தது. சில நாள் கழித்து அண்ணிக்குப் பெண் பிறந்தது. அண்ணிக்கு உடனே கடும் காய்ச்சல் கண்டு, சொட்டுப் பால் இல்லை. அண்ணன் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து தங்கையின் வாசலில் நின்றார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அவள் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள்.

குழந்தை கன்றுக்குட்டி மாதிரி தலையால் முட்டி முட்டிக் குடித்தது. அன்றிலிருந்து அவளுக்கு அது கன்னு. அண்ணி தேறி எழுந்த பிறகும் பால் குறைவு என்பதால், கன்னு நடக்கிறவரை அத்தையிடம்தான் குடித்தாள். அண்ணி இதை யார் வந்தாலும் சொல்வாள். "என் பொண்ணு உடம்புல ஓடறது என் நாத்தனார் பால்," என்பாள். குடும்பத்தில் டெய்லரம்மாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஒரே நல்ல சேதி அது. மற்றபடி அவள் வராதவள், சிடுமூஞ்சி, பெல்ட் கட்டிக்கொண்டு திரிகிறவள்.

மெக்கானிக் சொன்ன பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் போனாள். அவர் ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அவர் மேசையை உதைத்தது. உள்ளங்காலில் கீறினார், பெருவிரல் கீழே மடங்காமல் மேலே தூக்கிக்கொண்டது. பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளிப் பிடித்தார். குதிகால் பெடலில் துள்ளிய அதே துள்ளலைத் துள்ளியது.

"சிறுநீர் எப்படிப் போகுதும்மா?"

"அதுக்கும் காலுக்கும் என்ன டாக்டர்?"

"ரெண்டுக்கும் கம்பி ஒரே வழியாத்தான் வருது. முதுகுக்குள்ள."

அவள் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். முடிவு வர நாளாயிற்று. டாக்டர் ஹெச்.டி.எல்.வி. என்று ஒரு பெயர் சொன்னார்.

"எய்ட்ஸா?"

"அது இல்லை. தூரத்துப் பங்காளின்னு வேணா வச்சுக்கலாம். பல பேருக்கு இது ரத்தத்துல இருக்கும், சாகிறவரைக்கும் ஒண்ணும் செய்யாது. சில பேருக்கு மட்டும் தண்டுவடத்துல வேலையைக் காட்டும். வைரஸ் நேரா நரம்பைக் கடிக்கிறதில்லைம்மா. அதை விரட்டப் போன உங்க உடம்போட அணுக்களே அங்கே போய்ச் சண்டை போட்டு, கூடவே நரம்பையும் புண்ணாக்கிடுது. மூளை சொல்ற சேதி கால்வரைக்கும் ஒழுங்கா வந்து சேர்றதில்லை. அதான் விறைப்பு, துள்ளல், சிறுநீர்த் தொல்லை எல்லாம்."

"திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் வீட்டை இடிச்ச மாதிரி."

டாக்டர் சிரித்தார். "அப்படித்தான்."

"குணமாயிடுமா?"

"வைரஸை வெளியே துரத்த மருந்து கிடையாது. விறைப்புக்கு மாத்திரை தர்றேன். பயிற்சி சொல்லித் தருவாங்க, விடாம செய்யணும். இருக்கிற நடையைக் காப்பாத்திக்கலாம்."

"எங்கேயிருந்து வந்தது இது?"

"இப்போ தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உடலுறவுல வரும், ரத்தம் ஏத்தினா வரும், தாய்ப்பால் வழியா வரும். உங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்கன்னு சொன்னீங்களே, அதுவா இருக்கலாம்." அவர் எழுதிக்கொண்டே கேட்டார்: "பிள்ளைங்க?"

"தங்கலை டாக்டர். வயித்துலயே போயிடுச்சு."

அவர் பேனாவை நிறுத்தினார். "வருத்தம்தான். ஒருவிதத்துல பார்த்தா, பால் வழியா யாருக்கும் போகலைன்னு வச்சுக்கலாம்."

அவள் தலையாட்டினாள். மருந்துச் சீட்டை வாங்கினாள். வெளியே வந்து நடைவழி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. கன்னு அப்போது கர்ப்பமாக இருந்தாள்.

சிறுநீரை டியூப் வைத்துத் தானே எடுத்துக்கொள்ள ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். திரை இழுத்து மறைத்த மூலையில், கையில் சின்னக் கண்ணாடியோடு டெய்லரம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தத் திரை அவள் தைத்ததில்லை. ஓரத்தை இவ்வளவு அகலமாக மடித்துத் துணியை வீணாக்கியிருந்தார்கள்.

"திரையைப் பார்க்காதீங்கம்மா, கண்ணாடியைப் பாருங்க. கை கழுவினீங்களா? மெதுவா. தள்ளாதீங்க, அதுவே போகும்." சிஸ்டர் கறாரான ஆள். வெட்கப்பட நேரம் கொடுக்காதது பெரிய உதவியாக இருந்தது. டியூப் வழியாகச் சிறுநீர் கிண்ணத்தில் இறங்கியபோது டெய்லரம்மாவுக்கு வயிறு லேசாயிற்று. வெகுகாலமாக அப்படி லேசானதில்லை.

"சிஸ்டர்," என்றாள், கண்ணாடியைக் கீழே வைக்காமல். "தான் பெறாத பிள்ளைக்குப் பால் குடுத்திருந்தா?"

"யார் பெத்தா என்ன, பால் பால்தானே? எவ்வளவு நாள் குடுத்தீங்க?"

"நடக்கிறவரைக்கும்."

சிஸ்டர் கையுறையைக் கழற்றினார். "இப்போ அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பிரசவத்துக்கு இருக்கா."

"அப்போ உடனே ரத்தம் பார்க்கச் சொல்லணும். கர்ப்பிணிங்களுக்கு வழக்கமா எடுக்கிற டெஸ்ட்ல இது வராது. அவளுக்கு இருந்தா, தாய்ப்பால் குடுக்காம புட்டிப்பால் குடுத்துக்கலாம். பிறக்கிற பிள்ளைக்குப் போகாம இது அவளோட நின்னுடும். பால் குடுக்க ஆரம்பிச்சிட்டா அப்புறம் பேசிப் பிரயோஜனம் இல்லை."

"நீங்க போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?"

"அவ எங்க நோயாளி இல்லையே. நீங்கதான் சொல்லணும்."

அன்று சாயங்காலமே அண்ணிக்குப் போன் போட்டாள். மூச்சுவிட இடம் கொடுக்காமல் அண்ணி பேசினாள். மகள் கால் வீங்கியிருக்கிறது, மருமகன் தங்கமானவன், அவனுடைய அம்மாதான் தராசில் நிறுத்துப் பேசுகிற ஆள். "இவளுக்காவது நல்லாப் பால் ஊறணும். என்னை மாதிரி வறண்டு போயிடக் கூடாது. நீ ஒருதரம் வந்து அவ தோளைத் தொட்டுட்டுப் போ, தானா ஊறும்," என்று சொல்லி அண்ணி சிரித்தாள். "உன்னைச் சொல்லி என்ன, வரேன் வரேன்னு சொல்லியே வராத ஆளு."

"வரேன் அண்ணி," என்றாள் டெய்லரம்மா. போனை வைத்தாள்.

மறுபடி இரண்டு முறை போட்டாள். ஒருமுறை அண்ணன் எடுத்தார். துணி விலை பற்றிப் பேசிவிட்டு வைத்தார். இன்னொருமுறை கன்னுவே எடுத்து, "அத்தை, உள்ளே ஒரே உதை. உங்க மிஷின் மாதிரி ஓயவே மாட்டேங்குது," என்றாள். குழந்தை உதைப்பதைக் கேட்டு எந்த அத்தை ஆஸ்பத்திரிக் கதை பேசுவாள்? பேசவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொரு போனிலும் நாள்தான் கழிந்துகொண்டிருந்தது. நேரே போனால் திரும்பி ஓட முடியாது என்று முடிவு செய்து முதலாளியிடம் லீவு கேட்டாள்.

"காலுக்கா?"

"காலுக்குத்தான்னு வச்சுக்கங்க."

பஸ் பயணம் நீளம். கிளம்புமுன் டியூப் வைத்து முழுக்க எடுத்துவிட்டாள். கைப்பையில் மாற்று டியூப், சோப்பு, கண்ணாடி, பேட், ஒரு மாற்றுப் பாவாடை. பஸ் ஓடத் தொடங்கியதும் பழக்கதோஷத்தில் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். கொஞ்சதூரம் போனபின் கையை எடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து எவ்வளவு காலமாயிற்று! இறங்கிய நிலையத்தில் கழிவறைக் கதவை ஒரு பெண் இடித்தாள். "உள்ளே என்ன குடித்தனமா நடத்தறே?" "இரும்மா, வாடகை குடுத்துட்டு வரேன்," என்று உள்ளிருந்து பதில் சொன்னாள். வேலையை முடித்து, கை கழுவிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

அண்ணன் கதவைத் திறந்தார். முகத்தைப் பார்க்குமுன் அவள் நடையைப் பார்த்துவிட்டார். "என்ன இப்படிக் காலை இழுக்கறே?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கன்னு அன்று அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சோபாவில் தலையணை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தவள் எழப்பார்த்தாள், எழ முடியவில்லை. "நானும் உங்களை மாதிரிதான் நடக்கறேன் அத்தை," என்றாள் சிரித்து. அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அடேயப்பா, மழை வரப்போகுது. உக்காரு, டீ போடறேன்."

"டீ அப்புறம் அண்ணி. நீங்களும் உக்காருங்க."

அவள் சுற்றிவளைக்கவில்லை. சுற்றிவளைத்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்துதான் பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். காலில் ஆரம்பித்தாள். முதுகு, வைரஸ், ரத்தம், பால் என்று வந்தாள். சிறுநீர்த் தொந்தரவையும் சொன்னாள், கல்யாணத்தன்று கதவோரம் உட்கார்ந்த காரணத்தையும். கடைசியில், "கன்னு ரத்தம் பார்க்கணும். பிள்ளைக்குப் பால் குடுக்கறதுக்கு முன்னாடி பார்க்கணும்," என்று முடித்தாள்.

 அண்ணன் எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இதை அப்பவே தெரிஞ்சுதான்..." என்று ஆரம்பித்தாள் அண்ணி.

"எப்படி அண்ணி தெரியும்? போன மாசம்தான் எனக்கே தெரியும்."

"ஊரெல்லாம் சொன்னேனே. என் பொண்ணு உடம்புல உன் பால்தான் ஓடுதுன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்னேனே! சம்பந்தியம்மாகிட்டகூட சொல்லிட்டேனே." அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் உன்னைக் கேட்டேனா? என் பிள்ளைக்குக் குடுன்னு நான் கேட்டேனா?"

அது உண்மைதான். காய்ச்சலில் கிடந்த அண்ணி கேட்கவில்லை. கேட்க வந்தவரும் வாய்திறந்து கேட்கவில்லை. அண்ணன் மின்விசிறி ஸ்விட்ச் மேல் கை வைத்தபடியே, "நான்தான் தூக்கிட்டுப் போனேன். அவளை விடு," என்றார்.

கன்னு மட்டும் காரியத்தில் கண்ணாகக் கேட்டாள். "எனக்கும் கால் இப்படி ஆகுமா அத்தை?"

"உனக்கு இருந்தாலும், பெரும்பாலும் ஆகாது. நூறு பேருல ரெண்டு மூணு பேருக்குத்தான் ஆகும்னு சொன்னாங்க."

"நீங்க அந்த ரெண்டு மூணுல."

"ஆமா."

"எந்த ஆஸ்பத்திரி? சிஸ்டர் பேரு என்ன?"

அவள் சொன்னாள். டீ யாரும் போடவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள்.

முடிவு வந்ததும் கன்னு சுருக்கமாகப் போன் செய்தாள். இருக்கிறது. கணவனிடம் சொல்லிவிட்டாள், அவன் சத்தம் போடவில்லை, அவனும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறான். மாமியாரிடம் சொல்லப்போவதில்லை. பால் ஊறவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். டெய்லரம்மா, "சரி," என்றாள்.  மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள்.  அதற்குள் கன்னு வைத்துவிட்டாள்.

பிறகு அண்ணி பேசினாள். குரல் தணிந்திருந்தது, அதுதான் அதிகமாகக் குத்தியது. "பிள்ளை பிறந்ததும் நீ உடனே வராதேம்மா. தப்பா எடுத்துக்காதே. சம்பந்தியம்மா உன் காலைப் பார்ப்பா, என்னன்னு கேப்பா. நீதான் பால் குடுத்தேன்னு அவளுக்குத் தெரியும். இதையும் அதையும் முடிச்சுப் போட்டுட்டான்னா என் பொண்ணு அந்த வீட்டுல இருக்க முடியாது. போனும் நாங்களே பண்றோம்."

"சரி அண்ணி."

இத்தனை வருடம் தானாகப் போகாமல் இருந்தவள்தான். இப்போது பஸ்ஸில் போகமுடியும், கைப்பையில் எல்லாம் தயாராக இருக்கிறது. இப்போது வராதே என்கிறார்கள். அதில் அண்ணியின் கணக்கு தப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சியைச் செய்தாள். முதலாளி கடையில் அவளுக்கு இடதுகால் பெடல் வைத்துக் கொடுத்தார். இடதுகால் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. பெண் குழந்தை பிறந்தது என்று அண்ணன் போன் செய்தார். "நல்ல எடை," என்றார். "யார் ஜாடை?" என்று கேட்டாள். "இன்னும் யார் ஜாடையும் தெரியலை," என்றார்.

சில நாள் கழித்து, கடையிலிருந்து வந்து அவள் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கன்னு கிசுகிசுவென்று பேசினாள். பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள்.

"அத்தை, பால் கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி இருக்கு. கை வைக்க முடியலை. பால் சுரக்காம இருக்க மாத்திரை குடுத்தாங்க, அப்படியும் வந்துடுச்சு. எனக்குப் பாலே இல்லைன்னு சொல்லி வச்சிருக்கோம், மாமியார் பால் ஊறுறதுக்கு எதையெதையோ தின்னக் குடுக்கறாங்க. அம்மாகிட்ட கேட்டா அவங்களுக்குத் தெரியலை. அவங்களுக்குத்தான் பாலே வரலையே."

டெய்லரம்மா காலை நீரிலிருந்து எடுத்தாள். "காய்ச்சல் இருக்கா?"

"இல்லை."

"சிவந்து திட்டா இருக்கா?"

"இல்லை. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"சரி, கேளு. குளிர்ந்த தண்ணியில துணி நனைச்சு வை. வெந்நீர் ஊத்தாதே, இன்னும் சுரக்கும். இறுக்கமில்லாம, ஆனா ஆடாம உள்பாடி போடு. தாங்க முடியாதப்போ மட்டும் கொஞ்சமா பீச்சி விடு. வலி தணியற அளவுக்குத்தான், முழுக்க எடுக்காதே. முழுக்க எடுத்தா பிள்ளை குடிக்குதுன்னு உடம்பு நினைச்சுக்கும். அவங்க தின்னக் குடுக்கிறதை வாங்கி வச்சுக்கோ, ஓரமாப் போடு. காய்ச்சல் வந்தா யாருக்கும் பயப்படாம ஆஸ்பத்திரிக்குப் போயிடு."

"சரி அத்தை." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "புட்டியில நல்லாக் குடிக்கிறா. நான் பக்கத்துல போனா மோப்பம் பிடிச்சு என் பக்கம் திரும்பி முட்டறா. அப்போ அவர்கிட்ட குடுத்துடறேன்."

"அப்படித்தான் செய்யணும்."

"எத்தனை நாள் இருக்கும் இது? உங்களுக்கு எத்தனை நாள்ல நின்னுச்சு?"

டெய்லரம்மா யோசித்தாள். அந்த வலி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு பக்கமும் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த வலி நின்ற நாளும் நினைவிருந்தது.

"எனக்கு நிக்கலை கன்னு. நீ வந்துட்டே," என்றாள்.

அந்தப் பக்கம் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பிறகு கதவு தட்டுகிற சத்தம், ஒரு பெண்குரல். "வச்சுடறேன்," என்று கன்னு சொன்னாள். போன் துண்டித்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனபோது டெய்லரம்மா சிஸ்டரிடம் விசாரித்தாள். பாலை எடுக்காமல் விட்டால் சில நாளில் இறுக்கம் தளரும், ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் வற்றிவிடும் என்றார் சிஸ்டர். அதைக் கேட்டுக்கொண்டு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளாகக் கூப்பிடக் கூடாது என்பது ஏற்பாடு. ரேடியோவைப் போடவில்லை, மணியடித்தால் கேட்க வேண்டும். மூன்றாம் நாளும் உட்கார்ந்தாள், அதற்கடுத்த நாளும். ஒன்றிரண்டு வாரம் கடந்தது. எத்தனை நாள் என்ற கேள்விக்கான அந்தப் பதில் இனி கன்னுவுக்குத் தேவைப்படாது. பால் தானாகவே வற்றியிருக்கும்.